ஃப்ளட்டரா ஜாங்கோவா: பத்து வருஷம் எது தாங்கும்?

மன்னார்குடி பக்கம் ஒரு ரைஸ் மில்லுக்கு நெல் வரவு, எடை, ஈரப்பதம், பட்டுவாடா எல்லாத்துக்கும் சேர்த்து ஒரு சாஃப்ட்வேர் கேட்டாங்க. ரெண்டு வழி இருந்துச்சு, ஃப்ளட்டர்ல (மொபைல் ஆப் எழுதுற கூகுளோட டூல்) ஆப் பண்ணி பின்னாடி ஃபயர்பேஸ் (டேட்டாவ கூகுள் சர்வர்லயே வச்சுக்கிற சர்வீஸ்) வைக்கிறது, இல்ல ஜாங்கோவும் (பைத்தான்ல வெப் சாஃப்ட்வேர் எழுதுற ஃப்ரேம்வொர்க்) போஸ்ட்கிரஸும் (டேட்டாபேஸ்) வச்சு பிரவுசர்லயே ஓட்டிடறது. நாங்க ரெண்டாவதத்தான் எடுத்தோம்.

ஸ்பீடு, டிசைன், எதுக்கு வேலை அதிகம்ங்கிறதெல்லாம் எத்தனையோ பேர் பேசியாச்சு. நெட் இல்லாம ஓடணும்னா ஃப்ளட்டர் மேல், அதுல சந்தேகமே இல்ல. ஆனா மில்காரர் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "தம்பி, இது பத்து வருஷம் ஓடுமா?"

அவர் கேக்குறதுல நியாயம் இருக்கு. அவரோட எடைமேடைல இன்னிக்கும் விபி6ல (மைக்ரோசாஃப்ட்டோட பழைய விஷுவல் பேசிக்) எழுதுன ப்ரோக்ராம்தான். லாரி ஏறுது, எடை விழுது, டாட் மேட்ரிக்ஸ்ல சீட்டு கிழிச்சு டிரைவர் கைல குடுக்குறாங்க. விபி6 வந்தது 1998ல, அதுல எழுதுற டூலுக்கு மைக்ரோசாஃப்ட் 2008லயே சப்போர்ட்ட நிறுத்திடுச்சு, ஆனா எழுதி வச்சது விண்டோஸ் 11லயும் ஓடுது. அதே மைக்ரோசாஃப்ட் பிரவுசர்ல வீடியோவும் ஆப்பும் ஓட்ட 2007ல கொண்டாந்த சில்வர்லைட் 2021 அக்டோபரோட சரி. அதனால பின்னாடி பெரிய கம்பெனி இருக்கு, நிக்கும்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். பழைய வெர்ஷன்ல இருந்தவங்கள எப்படி நடத்துனாங்க, வெர்ஷன் ஏத்துற வேலை எப்ப, எவ்வளவு நம்ம தலைல விழும், நான் பாக்குறது அதத்தான்.

ஜாங்கோ 2005ல வந்தது, 2008லேர்ந்து ஒரு ஃபவுண்டேஷன் கைல இருக்கு. ரெண்டு வருஷத்துக்கு ஒரு எல்டிஎஸ் (ரொம்ப நாள் சப்போர்ட் இருக்கிற வெர்ஷன்) விடுறாங்க, ஒவ்வொண்ணுக்கும் மூணு வருஷம் செக்யூரிட்டி. 4.2 வந்தது 2023 ஏப்ரல், 5.2 வந்தது 2025 ஏப்ரல், அது 2028 ஏப்ரல் வரைக்கும். எதையாவது தூக்கப்போறாங்கன்னா ரெண்டு ரிலீஸுக்கு முன்னாடியே வார்னிங் காட்டும். டெல்டால இது எவ்வளவு பெரிய விஷயம்னு மில்லுல வேலை பாத்தவங்களுக்குத் தெரியும், தை மாசி சம்பா அறுவடைல மூட்டை வந்து குவியும்போது சாஃப்ட்வேர்ல கை வைக்க விடவே மாட்டாங்க, சித்திரை வைகாசிதான் கொஞ்சம் ஓய்வு, மேட்டூர் ஜூன் 12 தொறந்து குறுவை நட்டு அது அறுவடைக்கு வர்றவரைக்கும் டைம் இருக்கு. எல்டிஎஸ் வர்றதும் ஏப்ரல். புதுசு வந்தப்புறம் பழசுக்கு இன்னும் ஒரு வருஷம் சப்போர்ட் இருக்கு, அதுக்குள்ள நிதானமா மாத்திடலாம்.

ஃப்ளட்டர்ல நான் ஒரு சின்ன டெலிவரி ஆப் மட்டும்தான் பண்ணிருக்கேன், பெரிய ப்ராஜெக்ட்ல எப்படின்னு அடிச்சு சொல்ல மாட்டேன். ஆனா அந்த சின்ன ஆப்லயே பாத்தது இது: ஃப்ளட்டர் ஆப் எழுதுற மொழியான டார்ட்ல 2021ல நல் சேஃப்டி (மதிப்பு இல்லாம காலியா இருக்குறதால வர்ற தப்ப முன்னாடியே புடிக்கிற முறை) வந்துச்சு, 2023 மே மாசம் டார்ட் 3 வந்ததும் அதுக்கு மாறாத கோட் ஓடவே ஓடாதுன்னு ஆயிடுச்சு. என் கோட மாத்திட்டேன், ப்ளூடூத் பிரிண்டருக்குப் போட்டிருந்த பேக்கேஜ எழுதுனவர் விட்டுட்டுப் போயிட்டார், அதுக்கு வேற தேடி, பில் ஃபார்மட்ட முதல்லேர்ந்து அடுக்கி, படாத பாடு. இது போதாதுன்னு பிளே ஸ்டோர் வருஷா வருஷம் டார்கெட் லெவல (எந்த ஆண்ட்ராய்டு வெர்ஷனுக்காக ஆப் எழுதுனதுங்கிற நம்பர்) ஏத்தச் சொல்லும், கெடு ஆகஸ்ட் 31. ஏத்தலன்னா அப்டேட் போட முடியாது, ரொம்ப பின்தங்குனா புது ஃபோன் வாங்குனவங்களுக்கு ஆப் கண்ணுலயே படாது. ஆவணில, குறுவை அறுவடை தொடங்குற நேரத்துல, அந்த வேலைய யார் உக்காந்து பாக்குறது? ஃப்ளட்டர் மாதிரியே ஆப் எழுதுற ரியாக்ட் நேட்டிவ் போனாலும் இதே கெடுதான், அதனாலதான் அத தனியா இழுக்கல.

ஃபயர்பேஸ் ஆரம்பிக்க ஈஸி, வெளிய வர்றதுதான் கஷ்டம். அதுல டைனமிக் லிங்க்ஸ்னு (தொட்டா ஆப்புக்குள்ள கூட்டிட்டுப் போற லிங்க்) ஒண்ணு இருந்துச்சு, 2025 ஆகஸ்ட் 25ஓட மூடிட்டாங்க. ஃபயர்பேஸ் மாதிரியே இருந்த, ஃபேஸ்புக் 2013ல வாங்குன பார்ஸ் 2017 ஜனவரில மூடுச்சு. போஸ்ட்கிரஸ்ல பிஜி டம்ப் (டேட்டாபேஸ மொத்தமா எடுத்துக் குடுக்குற கமாண்ட்) அடிச்சா மொத்த கணக்கும் ஒரே டெக்ஸ்ட் ஃபைலா கைல வரும், தஞ்சாவூர்ல வேலை கத்துக்கிட்ட பையன் நாளைக்கு பெங்களூர் போயிட்டாலும் அடுத்து வர்றவன் படிச்சுப் புரிஞ்சுக்குவான்.

களத்துமேட்டுலயே நின்னு நெல் புடிக்கிற ஏஜென்ட்டுக்கு, சிக்னல் இல்லாத இடத்துல எடை ஏத்தணும்னா அதுக்கு ஃப்ளட்டர்தான் போடுவேன். ஆனா அந்த ஆப் எடைய வாங்கி அனுப்புறதோட நிக்கணும், பட்டுவாடா கணக்கு போஸ்ட்கிரஸ்லதான் இருக்கணும்.