தர்கா ஆய்வுக்குக் கீர்ட்ஸா, கெல்னரா, அசத்தா?

மானிடவியல் முனைவர் ஆய்வுக்குச் சென்னை தர்காக்கள் என்று முடிவானதும், எந்தக் கோட்பாட்டோடு களத்தில் இறங்குவது என்ற தலைவலி வந்தது. இஸ்லாத்தைப் பற்றி எழுதிய கீர்ட்ஸ், கெல்னர், அசத் என்ற மூன்று மானிடவியலாளர்களில் நான் தலால் அசத்தைப் பிடித்துக்கொண்டேன்.

கீர்ட்ஸைப் படிக்காதவர் துறையில் இருக்க மாட்டார். மொராக்கோவிலும் இந்தோனேசியாவிலும் ஒரே மார்க்கம் எடுத்த இரண்டு வடிவங்களை 1968-இல் காட்டியவர். நடை அபாரம், எனக்குப் பெரிய உதவியில்லை. கெல்னருக்கு முஸ்லிம் சமூகத்தில் நகரம் என்றால் ஆலிம்களும் (மார்க்க அறிஞர்கள்) மறைநூலும், நாட்டுப்புறம் என்றால் அவுலியாக்கள் (இறைநேசர்கள்). அண்ணா சாலையிலேயே தர்கா இருக்கும் ஊரில் அந்தக் கோடு நிற்காது. ஆனாலும், நகரத்துக்குக் குடிவந்த தமிழ் முஸ்லிம்களிடம் மார்க்கப் பிடிப்பு கூடுவதைப் பல்லாவரத்தில் களப்பணி செய்த மாட்டிசன் மைன்ஸ் 1970-களிலேயே எழுதியிருப்பதால், கெல்னரை ஒரேயடியாகத் தள்ளவும் மனம் வரவில்லை.

எனக்கு முடிவைத் தந்தது சச்சரவுதான். தர்காவில் ஃபாத்திஹா (குர்ஆனின் முதல் அத்தியாயம்) ஓத வருபவர் அதையும் மார்க்கம் என்பார். தர்கா வழிபாட்டை எதிர்க்கும் தவ்ஹீத்காரர் அதை ஷிர்க், அதாவது இறைவனுக்கு இணைவைப்பது என்பார். இஸ்லாம் ஒன்றல்ல, பல என்று 1977-இல் எழுதிய எல்-ஸெய்ன் வழியில் போனால் இரண்டையும் குறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். அவர்கள் இருவருமே அதை ஒப்ப மாட்டார்களே! எதிராளி தப்பு என்பதுதான் இருவர் பேச்சும். இருவர் கையிலும் ஹதீஸ் (நபிமொழி) இருக்கிறது. முஸ்லிம்கள் தொடங்கும் இடத்திலேயே, குர்ஆனிலும் ஹதீஸிலும் தொடங்கு என்று 1986-இல் அசத் சொன்னது இங்கேதான் கைகொடுக்கிறது. அவருக்கு இஸ்லாம், எது சரியான அமல் (மார்க்கச் செயல்) என்று தலைமுறை தலைமுறையாக வாதாடி வரும் ஒரு மரபு. அந்த வாதத்துக்குள் அதிகாரமும் உண்டு. அதனால் என் குறிப்பேட்டில் சடங்கு வர்ணனை குறைந்தது. யார் யாரைத் திருத்துகிறார், என்ன ஆதாரம் காட்டி, ஜும்ஆ பயானில் (வெள்ளிக்கிழமைத் தொழுகை உரை) அதைச் சொல்லும் உரிமை யாருக்கு, நிக்காஹ் பதிவும் கபர்ஸ்தானும் (அடக்கத்தலம்) யார் பொறுப்பில் என்பதெல்லாம் ஏறின.

ஓட்டை இல்லாமல் இல்லை. இஸ்லாத்தைப் பற்றிய மானிடவியலில் இஸ்லாம் அளவுக்கு மீறிவிட்டது என்று சமுலி ஷீல்கே 2010-இல் சொன்னது நியாயமே. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மந்திரிக்க வரும் இந்துத் தாய்க்கு இந்த வாதமே தேவையில்லை. அவர் விஷயத்தில் அசத்தை வைத்துக்கொண்டு நான் திணறுகிறேன். கெய்ரோ பள்ளிவாசல்களில் கூடும் பெண்களைப் பற்றி, அசத் வழியில் நின்று, சபா மஹ்மூத் 2005-இல் எழுதியது இங்கே எவ்வளவு பொருந்தும் என்றும் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆணாகிய நான் பெண்கள் பயானில் உட்கார்ந்ததில்லை.