உலக வங்கியின் வெளிக்கடன் தரவுத்தளம்: மாணவர்கள் கையில் எடுக்கும் முன்

பேச்சுப்போட்டியிலும் கருத்தரங்கிலும் ‘ஏழை நாடுகளின் கடன்’ என்று தலைப்பு கொடுத்தால் பெரிய பெரிய எண்கள் வந்து விழும். அது எந்த ஆண்டுக் கணக்கு, அரசின் கடனா தனியாரின் கடனா, யாருக்குத் தரவேண்டியது என்று கேட்டால் பதில் வராது. அந்தப் பதில்களைத் தரக்கூடிய விரிவான இலவசச் சேவை உலக வங்கியின் ‘இன்டர்நேஷனல் டெப்ட் ஸ்டாடிஸ்டிக்ஸ்’. வெளிநாட்டவருக்குத் தரவேண்டிய கடனின், அதாவது வெளிக்கடனின் தொகுப்பு. ஏறத்தாழ 120 நாடுகள், 1970 முதலான கணக்கு. கடன் வாங்கிய நாடுகளே உலக வங்கிக்குத் தரும் விவரத்தை வைத்துக் கட்டியது. அந்த ஏற்பாடு 1951 முதல் நடக்கிறது. பார்ப்பதற்கோ இறக்குவதற்கோ அக்கவுண்ட் வேண்டாம், காசும் வேண்டாம். தமிழில் ஒரு சொல்லும் கிடையாது. போனில் திறப்பது வீண்வேலை, கணினியில் உட்காருங்கள்.

உலக வங்கியின் டேட்டாபேங்க் தளத்தில் இந்தத் தொகுப்பைத் தேர்ந்தெடுத்ததும் இடப்பக்கம் கன்ட்ரி, கவுன்டர்பார்ட் ஏரியா, சீரிஸ், டைம் என்று பெட்டிகள் இருக்கும். கவுன்டர்பார்ட் ஏரியா என்பது கடன் கொடுத்தவர். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். எல்லாவற்றையும் டிக் செய்துவிட்டு எக்ஸெலில் கூட்டினால், ‘வேர்ல்ட்’ என்ற மொத்த வரியும் தனித்தனி நாடுகளின் வரிகளும் சேர்ந்து கடன் இரட்டிப்பாகிவிடும். முதலில் வேர்ல்டை மட்டும் எடுங்கள். ஏற்றுமதியில் எத்தனை சதவீதம் போன்ற விகிதங்களுக்கு வேர்ல்டில்தான் எண் இருக்கும், மற்ற இடங்களில் இரண்டு புள்ளிதான் நிற்கும். அந்த இரண்டு புள்ளிக்குப் பொருள் ‘தகவல் இல்லை’, சுழியம் அல்ல. எக்ஸெலில் அது எழுத்தாக உட்கார்ந்துகொண்டு, கூட்டல் குறி போட்ட சூத்திரத்தில் பிழை காட்டும். இறக்கியதும் முதல் வேலையாக அவற்றை வெற்றுக் கட்டங்களாக மாற்றிவிடுவது நல்லது.

கருவியின் பலமும் வம்பும் ஒருசேரத் தெரிய ஆப்பிரிக்க நாடான ஜாம்பியாவை எடுத்துப் பாருங்கள். கவுன்டர்பார்ட் வேர்ல்ட், ஆண்டு 2000 முதல் கிடைக்கும் கடைசி ஆண்டு வரை. சீரிஸில் மொத்த வெளிக்கடன், அரசு வாங்கிய கடனும் அரசு உத்தரவாதம் தந்த கடனும் சேர்ந்த வரிசை, அதற்குள் கடன் கொடுத்தவர் வாரியாக உலக வங்கி போன்ற பன்னாட்டு நிறுவனங்கள், பிற அரசுகள், கடன்பத்திரம் வைத்திருப்போர், வணிக வங்கிகள் என்ற நான்கு பிரிவுகள், குறுகிய காலக் கடன், வட்டி நிலுவை, அசல் நிலுவை ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்து ‘அப்ளை சேஞ்சஸ்’ அழுத்துங்கள். லேஅவுட்டில் ஆண்டுகளை நெடுவரிசைக்கு மாற்றினால்தான் படிக்க முடியும்.

அரசுக் கடன் வரிசை 2005, 2006-இல் பள்ளத்தில் இறங்கும். மிகுந்த கடன்சுமையுள்ள ஏழை நாடுகளுக்கென்று 1996-இல் தொடங்கிய தள்ளுபடித் திட்டத்தில் ஜாம்பியா 2005 ஏப்ரலில் கடைசிப் படியை எட்டியது. பன்னாட்டு நிறுவனங்களின் கடன் தள்ளுபடி அடுத்து வந்தது. 1998 மே மாதம் பர்மிங்காமில் ஜி8 மாநாட்டைச் சுற்றி ஏறக்குறைய 70,000 பேர் கைகோத்து நின்று கேட்டது இப்படிப்பட்ட தள்ளுபடியைத்தான். அதன்பின் பத்திரப் பிரிவைக் கவனியுங்கள். 2012-இல் 75 கோடி டாலர், 2014-இல் 100 கோடி, 2015-இல் 125 கோடி என்று மூன்று யூரோபாண்டுகள், அதாவது வெளிநாட்டுச் சந்தையில் டாலரில் விற்ற கடன்பத்திரங்கள். பழைய போராட்டக் காலத்தில் எதிரே இருந்தவை அரசுகளும் பன்னாட்டு நிறுவனங்களும். இப்போது பத்திரம் வாங்கிய முதலீட்டு நிதிகளும் அந்த மேசையில் உட்கார்ந்திருக்கின்றன. மாணவர்களுக்கு இந்த ஒரு மாற்றத்தைக் காட்டினாலே தளத்தைத் திறந்ததற்குப் பலன் கிடைத்துவிட்டது. பத்திரம் வைத்திருப்போர் எந்த நாட்டவர் என்று மட்டும் தேடாதீர்கள். எல்லோரும் ‘பாண்ட்ஹோல்டர்ஸ்’ என்ற ஒரே பெயரில் அடங்கிவிடுவார்கள்.

2020 நவம்பரில் 4.25 கோடி டாலர் வட்டித் தவணையை ஜாம்பியா கட்டவில்லை. இந்த இடத்தில்தான் தளம் ஆளை ஏமாற்றும். ‘டெப்ட் சர்வீஸ்’ என்று இங்கே காட்டுவது அசலும் வட்டியுமாக உண்மையில் கட்டிய தொகையை. கட்டவேண்டியிருந்த தொகையை அல்ல. ஒரு நாடு கட்டுவதை நிறுத்தினால் அந்த எண் இறங்கும். வரைபடத்தைப் பார்ப்பவர் சுமை குறைந்துவிட்டது என்று எழுதிவிடுவார். கட்டாத தொகை நிலுவை வரிசைகளில் ஏறிக்கொண்டிருக்கும். அதிலும் வட்டி நிலுவையைக் குறுகிய காலக் கடனோடு சேர்த்துவிடுவது இத்தொகுப்பின் வழக்கம். ஆகவே தவணை தவறிய நாட்டின் குறுகிய காலக் கடன் உயர்ந்தால், புதிதாகக் கைமாற்று வாங்கினார்கள் என்று முடிவுகட்ட வேண்டாம். நிலுவை வரிசைகள் இல்லாமல் டெப்ட் சர்வீஸ் வரைபடத்தை மட்டும் ஒட்டிய மாணவர் கட்டுரையைத் தாராளமாகத் திருப்பி அனுப்பலாம்.

இன்னொரு பொறி 2021. அந்த ஆகஸ்டில் சர்வதேச நாணய நிதியம் உறுப்பு நாடுகளுக்கு 65,000 கோடி டாலர் மதிப்புள்ள சிறப்பு எடுப்புரிமைகளை (நிதியம் உருவாக்கும் கையிருப்புச் சொத்து, எஸ்டிஆர்) பங்கிட்டது. ஜாம்பியாவுக்குக் கிடைத்தது சுமார் 130 கோடி டாலர். கணக்கியல் விதிப்படி அதுவும் வெளிக்கடனில் சேரும். யாரும் கடன் கேட்காமலேயே அந்த ஆண்டு பல நாடுகளின் கடன் ஒரு படி ஏறித் தெரிவது இதனால்தான். மொத்த வெளிக்கடனில் தனியார் நிறுவனங்கள் அரசு உத்தரவாதமின்றி வாங்கிய கடனும் உண்டு என்பதையும் மறக்கக்கூடாது. மொத்தத்தை மக்கள்தொகையால் வகுத்து ‘ஒவ்வொரு குழந்தையும் இத்தனை டாலர் கடனோடு பிறக்கிறது’ என்று முழங்குவது கைதட்டல் வாங்கும், கணக்காக நிற்காது. உத்தரவாதமில்லாத கடன் அதை வாங்கிய தனியாரின் பொறுப்பு.

இலங்கையை ஆராய்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. முதலாவது தாமதம். புதிய பதிப்பு டிசம்பரில் வரும், முந்தைய ஆண்டு இறுதிவரைதான் கணக்கு இருக்கும். 2022 ஏப்ரல் 12 அன்று கொழும்பு கடன் தவணைகளை நிறுத்துவதாக அறிவித்தபோது, 2021 இறுதிக் கணக்கே இதில் ஏறியிருக்கவில்லை. அது வெளிவர டிசம்பர் ஆனது. நடப்பைச் சொல்ல மத்திய வங்கியின் அறிக்கைகளைத்தான் நாடவேண்டும். அடுத்தது, இங்கே ‘வெளி’ என்பதைத் தீர்மானிப்பது கடன் கொடுத்தவர் இருக்கும் இடம், நாணயம் அல்ல. டாலரில் வெளியிட்ட இலங்கை அபிவிருத்திப் பத்திரங்களை உள்நாட்டு வங்கி வைத்திருந்தால் அது உள்நாட்டுக் கடன், இத்தொகுப்பில் வராது. அரசு குறுகிய காலத்துக்கு விற்கும் கருவூல உண்டியல்களின் (ட்ரெஷரி பில்) பெரும்பகுதியும் அப்படியே. அரசு வருமானத்தில் எத்தனை பங்கு வட்டிக்குப் போகிறது என்ற கேள்விக்கும் இங்கே விடை இல்லை. ஏற்றுமதியோடும் தேசிய வருமானத்தோடும்தான் ஒப்பிடுகிறார்கள். பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போகவேண்டிய பணம் பற்றிப் பேச நினைப்பவருக்கு இது பெரிய ஓட்டை. வரவுசெலவுத் திட்ட ஆவணத்தைத் தனியாக எடுத்தே ஆகவேண்டும்.

வறுமைக் கணக்கு இதே வங்கியின் வேறொரு தளத்தில் இருக்கிறது. இரண்டையும் ஒரே போஸ்டரில் போடும்போது டாலர்களைக் குழப்பிவிடாதீர்கள். கடன் டாலர் சந்தை மாற்று விகித டாலர். வறுமைக்கோட்டு டாலர், நாட்டுக்கு நாடு மாறும் விலைவாசியைக் கணக்கில் எடுத்து வாங்கும் திறனைச் சமன்செய்த டாலர். 2025 ஜூனில் கோடு நாளொன்றுக்கு 2.15-இலிருந்து 3 டாலருக்கு மாறியது. அதைச் சந்தை விலையில் பெருக்கி 250 ரூபாய் என்று எழுதுவது தவறு. இந்தியாவில் 2021 விலையில் அது அறுபது ரூபாயைச் சுற்றித்தான் வரும். கோடு மாறியதால் பழைய போஸ்டரின் எண்ணிக்கையையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ‘வறுமை கூடிவிட்டது’ என்றும் சொல்ல முடியாது.

பன்னிரண்டாம் வகுப்புக்கு நேரடியாக இந்தத் தளத்தைக் கொடுக்க வேண்டாம். ஆண்டுதோறும் வரும் இன்டர்நேஷனல் டெப்ட் ரிப்போர்ட் பிடிஎஃப்பில் நாட்டுக்கு ஒரு பக்கம் அட்டவணை இருக்கும். அதை அச்செடுத்து, மேலே சொன்ன நான்கு பிரிவுகளையும் பென்சிலால் குறிக்கச் சொன்னால் ஒரு வகுப்புக்குப் போதும். 2023-இல் வளரும் நாடுகள் அசலும் வட்டியுமாக 1.4 லட்சம் கோடி டாலர் கட்டின, அதில் வட்டி மட்டும் 40,600 கோடி என்ற பெரிய படமும் 2024 பதிப்பில் உண்டு. டிரில்லியனை லட்சம் கோடியாகவும், பில்லியனை நூறு கோடியாகவும் மாற்றும் பயிற்சியை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள். ஒரு சுழியம் தவறினால் மற்றதெல்லாம் வீண்.

பொருளியல் இளங்கலை மாணவர்களுக்கும் விவாத அணிகளுக்கும் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். இறக்கிய கோப்பின் அடியில் ‘லாஸ்ட் அப்டேட்டட்’ என்று ஒரு தேதி இருக்கும், அதை அழித்துவிடாதீர்கள். ஒவ்வொரு பதிப்பிலும் பழைய ஆண்டுகளின் எண்களையும் திருத்துகிறார்கள். போன வருடம் இறக்கியவரும் இந்த வருடம் இறக்கியவரும் 2015-க்கே வேறு வேறு எண்ணோடு மேடையில் சண்டை போடுவது இதனால்தான்.