நல்ல உறக்கத்துக்கு நடையா, எடைப் பயிற்சியா, யோகாவா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் நாற்பது வயதைக் கடந்தவர்கள் உறக்கத்துக்காக ஏதேனும் ஒரு பயிற்சியை மட்டும் தேர்ந்தெடுக்க விரும்பினால், விறுவிறு நடையையே நான் முதலில் பரிந்துரைப்பேன். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997இல் வெளியிட்ட ஆய்வில், மிதமான உறக்கக் குறைபாடு கொண்ட 50 முதல் 76 வயது வரையிலானவர்கள் விறுவிறு நடை போன்ற பயிற்சிகளை 16 வாரங்கள் செய்தபின், தங்கள் உறக்கம் சராசரியாக 42 நிமிடம் நீண்டதாகக் கூறினர். நடக்கும்போது உயரும் உடல் வெப்பம் பின்னர் தணிவது உறக்கத்துக்கு உதவுவதாகக் கருதப்படுகிறது. விடியலில் ஊருணிக்கரையைச் சுற்றி நடப்பவருக்குக் காலை வெளிச்சமும் கிடைப்பதால், உடலின் உயிர்க்கடிகாரம் சீராகி, இரவில் உரிய நேரத்தில் கண் அயர்கிறது. அக்னி நட்சத்திர நாட்களில் இந்த விடியல் நேரமே பாதுகாப்பானதும்கூட. ஆனால் பழநிப் பாதயாத்திரையை முன்னிட்டு நடக்கத் தொடங்கி, தைப்பூசம் முடிந்ததும் விட்டுவிடுபவர்களுக்கு இந்தப் பயன் நிலைப்பதில்லை. தொடர்ந்து நடப்பதே இதில் முக்கியம்.

எடைப் பயிற்சியைப் பலர் தசைக்கான பயிற்சியாக மட்டுமே பார்க்கிறார்கள், அது சரியன்று. உறக்கத்தின் நேரத்தைவிட அதன் தரத்தை அது கூடுதலாக மேம்படுத்துவதாக ஆய்வுத் தொகுப்புகள் காட்டுகின்றன. மூட்டுவலியால் குன்றக்குடி மலைப்படிகளை ஏற அஞ்சுபவர், நாற்காலியில் அமர்ந்து எழுவதையும் சுவரில் கை ஊன்றித் தள்ளுவதையும் வாரத்தில் இரண்டு நாள் செய்தாலே நல்ல தொடக்கமாகும்.

யோகாவின் வலிமை வேறிடத்தில் இருக்கிறது. படுத்தபின் வியாபாரக் கணக்கும் வெளியூரில் இருக்கும் பிள்ளைகளின் நினைவும் ஓயாமல் சுழல, விழித்தே கிடப்பவருக்கு மெதுவான மூச்சுப் பயிற்சியும் சவாசனமும் இதயத் துடிப்பைத் தணித்து மனத்தை அடக்க உதவும். உடல் அசைவே இல்லாமல் பகல் முழுவதும் கல்லாவில் அமர்ந்திருப்பவருக்கோ, யோகாவுடன் நடையும் அவசியம் என்றே நினைக்கிறேன்.

மாலைப் பயிற்சி உறக்கத்தைக் கெடுக்கும் என்ற பரவலான அச்சத்துக்குப் போதிய ஆதாரம் இல்லை. கடையை அடைத்துவிட்டு இரவில் உடற்பயிற்சிக்கூடம் செல்பவர்கள், மூச்சு வாங்கும் கடுமையான பயிற்சியைப் படுக்கைக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்பே முடித்துவிட்டால் போதும். மிதமான பயிற்சிக்கு இவ்வளவு கண்டிப்புத் தேவையில்லை.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பையும், இரண்டு நாட்களேனும் தசைவலுப் பயிற்சியையும் பரிந்துரைக்கிறது. பலத்த குறட்டையுடன் மூச்சுத் திணறி விழிப்பவர்களோ, எந்தப் பயிற்சியைத் தேர்ந்தாலும், மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.