தொகுதிக்கு எல்லை போடும்போது எதைச் சமப்படுத்துவது?

மாகாண சபைத் தேர்தல் ஏன் நடக்கவில்லை என்று கேட்டால், எல்லை நிர்ணயம் முடியவில்லை என்ற பதில்தான் வருகிறது. கொழும்பில் இருக்கும் தமிழர்கள் பலரும் அதை ஏதோ அலுவலக வேலை என்று நினைத்துக் கடந்துபோய்விடுகிறோம். போகக்கூடாது. வடக்கில் எல்லையை எப்படிப் போட்டாலும் தமிழர் ஒருவர் வருவார். கொழும்பிலும் கண்டியிலும் இரத்தினபுரியிலும் அந்தக் கோடு அரைக் கிலோமீற்றர் நகர்ந்தாலே எங்கள் வாக்கு ஒன்றுமில்லாமல் போகலாம். ஆகவே நியாயமான எல்லை என்று வெவ்வேறு நாடுகளின் சட்டங்கள் எதைச் சொல்கின்றன, அதில் எது எங்களுக்குப் பொருந்தும் என்று அருகருகே வைத்துப் பார்ப்போம்.

முதலில் அமெரிக்க வழி, அதாவது சுத்தமான தலைக்கணக்கு. அலபாமா மாநிலம் 1900 கணக்கெடுப்பை வைத்து 1901 இல் போட்ட எல்லைகளை அறுபது வருடமாகத் தொடவே இல்லை. சனம் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டது, தொகுதிகள் அப்படியே கிடந்தன, கடைசியில் மாநில செனட் தொகுதிகளுக்கிடையே சனத்தொகை வித்தியாசம் 41 மடங்கு வரை போயிற்று. 1964 இல் ரெனால்ட்ஸ் எதிர் சிம்ஸ் வழக்கில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் இதை முடித்துவைத்தது: உறுப்பினர்கள் மக்களின் பிரதிநிதிகள், மரங்களினதோ ஏக்கர்களினதோ பிரதிநிதிகள் அல்லர். அடிப்படையில் இதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் பிறகு நடந்ததையும் பார்க்க வேண்டும். 1983 இல் நியூ ஜேர்சியின் காங்கிரஸ் தொகுதிகளை, வித்தியாசம் ஒரு சதவீதத்துக்கும் குறைவாக இருந்தும், அதே நீதிமன்றம் ரத்துச் செய்தது. 2019 இல் ருச்சோ வழக்கிலோ, ஆளும் கட்சி தனக்கு வசதியாக எல்லையை வளைத்தால் அதில் மத்திய நீதிமன்றங்கள் தலையிட முடியாது என்று சொல்லிவிட்டது. அதாவது தலைகளின் எண்ணிக்கை அச்சொட்டாக இருந்தால், உருவம் எப்படிக் கோணினாலும் எண்ணிக்கை விதி அதைப் பிடிக்காது. எண்ணிக்கையை மட்டும் காவலுக்கு வைத்தால் இதுதான் முடிவு என்று நான் நினைக்கிறேன்.

அதற்கு நேர் எதிர்ப்பக்கம் எங்கள் நாட்டிலேயே இருந்தது. சுதந்திரக் காலத்துச் சோல்பரி அரசியலமைப்பில் ஒரு மாகாணத்துக்கு 75,000 பேருக்கு ஒரு ஆசனம், அதோடு 1,000 சதுர மைலுக்கு ஒரு ஆசனம். 1947 தேர்தலுக்கு வந்த 95 ஆசனங்களில் 25 இப்படிப் பரப்பளவுக்காக வந்தவை. தமிழ்த் தலைவர் ஜீ.ஜீ. பொன்னம்பலம் ஐம்பதுக்கு ஐம்பது, அதாவது பாதி ஆசனம் சிங்களவருக்கு, பாதி சிறுபான்மையினருக்கு என்று கேட்டார், அது கிடைக்கவில்லை. சனம் குறைந்த பரந்த மாகாணங்களுக்குக் கூடுதல் ஆசனம் என்ற இந்த ஏற்பாடு வந்தது. வடக்கு, கிழக்குக்கு அது உதவியது உண்மை. வடமத்திக்கும் ஊவாவுக்கும்கூட அது உதவியது. 1,400 சதுர மைல் அளவேயான மேல் மாகாணத்துக்கு, அதாவது கொழும்புத் தமிழருக்கு, அதனால் பெரிய பலன் இல்லை.

ஆனால் அந்த முறையில் இருந்த பெரிய அநியாயம் பரப்பளவில் இல்லை, தலைக்கணக்கில்தான் இருந்தது. 75,000 என்பது ஆட்களின் கணக்கு. 1948 குடியுரிமைச் சட்டத்தோடு மலையகத் தமிழர்களின் குடியுரிமை போயிற்று, அடுத்ததாக வாக்குரிமையும் போயிற்று, ஆனால் 1959 இல் தொகுதிகளை மீண்டும் பிரித்தபோது தோட்டங்களில் இருந்த அவர்களின் தலைகள் எண்ணப்பட்டன. அவர்கள் பெயரில் மத்திய மாகாணத்துக்கு ஆசனங்கள் கிடைத்தன. வாக்குப் போட்டது அக்கம்பக்கத்துக் கிராமத்தவர்கள். சமத்துவ விதியின் ஒரு எழுத்தும் மீறப்படாமல் நடந்த வேலை இது.

சரி, அப்படியானால் வாக்காளரை எண்ணலாமே என்று கேட்கலாம். 1978 அரசியலமைப்பு அதைத்தான் செய்தது. 160 ஆசனங்கள் பதிவுசெய்த வாக்காளர் தொகைப்படி மாவட்டங்களுக்குப் பிரிக்கப்படும், மாகாணத்துக்கு நான்காக 36 தனி, 1988 இல் சேர்ந்த தேசியப்பட்டியல் 29, மொத்தம் 225. பிரிப்பு வாக்காளர் இடாப்பைப் பார்த்து நடப்பதால், யுத்தமும் இடப்பெயர்வும் புலம்பெயர்வும் அப்படியே ஆசனக் கணக்கில் விழுந்தன. கிளிநொச்சியையும் சேர்த்த யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010 இல் 9 ஆசனம், 2015 இல் 7, 2024 இல் 6. சூத்திரத்தில் பிழை இல்லை. ஆனால் யார் ஊரைவிட்டு ஓட வேண்டிவந்தது என்பது அந்தச் சூத்திரத்துக்குத் தெரியாது. தமிழ்நாட்டில் இப்போது எழும் கவலையும் ஏறக்குறைய இதே வகைதான்: சனத்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்கள் ஆசனத்தை இழக்கக்கூடாது என்றுதான் 1976 இல் இந்தியா மாநிலங்களுக்கான மக்களவை ஆசனங்களை 1971 கணக்கெடுப்போடு உறையவைத்தது.

இருந்தும் 1978 முறைக்கு ஒரு பெரிய நன்மை உண்டு, அதைக் கொழும்பில் இருந்து பார்த்தால்தான் விளங்கும். கொட்டாஞ்சேனை, மட்டக்குளி ஒரு முனை, வெள்ளவத்தை மறுமுனை, நடுவில் கோட்டை, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி. நேர்மையான ஆணைக்குழுவே உட்கார்ந்தாலும் இந்த இரண்டு முனையையும் ஒரு தனி அங்கத்தவர் தொகுதிக்குள் அடக்க முடியாது, அடக்கினால் அந்த வரைபடம் கடற்கரையோரம் இழுத்த நூல் மாதிரி இருக்கும். மாவட்டம் முழுவதும் ஒரே தொகுதியாக எண்ணப்பட்டு, கட்சிகளுக்கு வாக்கு விகிதப்படி ஆசனம் பிரிக்கப்படும்போது மட்டக்குளி வாக்கும் வெள்ளவத்தை வாக்கும் ஒரே பெயருக்குச் சேர்கின்றன. தமிழ் அரசியல்வாதி மனோ கணேசன் 2015 இலும் 2020 இலும் கொழும்பு மாவட்டத்தில் வென்றது அப்படித்தான். பழைய தனித்தொகுதி முறையில் அது நடந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. குறையும் இல்லாமல் இல்லை: அவிசாவளை வரை போஸ்டர் ஒட்டக் காசு வேண்டும், கட்சிப் பட்டியலில் தனி வேட்பாளருக்குப் போடும் விருப்பு வாக்குக்காக ஒரே கட்சிக்காரரே அடிபடுவார்கள், எங்கள் ஒழுங்கைக்கு யார் எம்பி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

கனடா வேறொரு பக்கம் போகிறது. சஸ்காச்சுவானில் தொகுதி அளவு சராசரியைவிட 25 சதவீதம் கூடலாம் குறையலாம், வடக்கில் சனம் ஐதான இரண்டு தொகுதிகளில் 50 சதவீதம் வரை போகலாம் என்று சட்டம் இருந்தது. 1991 இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. வாக்குரிமையின் நோக்கம் எண்ணிக்கைச் சமத்துவம் மட்டும் அல்ல, பயனுள்ள பிரதிநிதித்துவம். அதற்காகப் புவியியலையும் சமூகத்தின் வரலாற்றையும் சிறுபான்மையினரையும் கணக்கில் எடுக்கலாம் என்றது. வன்னிக்கு இது நன்றாகப் பொருந்தும். ஆனால் இது திறந்த கதவு, அதால் யாரும் நுழையலாம். பிரித்தானியா அதனால்தான் 5 சதவீதத்தில் நிறுத்தி, ஐந்து தீவுத் தொகுதிகளுக்கு மட்டும் விலக்கைப் பெயர் சொல்லிச் சட்டத்தில் எழுதிவிட்டது.

கொழும்புக்கும் மலையகத்துக்கும் நான் கேட்பது பல அங்கத்தவர் தொகுதி. அது புதிதல்ல. 1947 இல் மூன்று அங்கத்தவர் தொகுதியான மத்திய கொழும்பில் வென்றவர்கள் தொழிற்சங்கத் தலைவர் ஏ.ஈ. குணசிங்க, மலாய்ச் சமூகத்தைச் சேர்ந்த ரீ.பி. ஜாயா, பறங்கியரான கம்யூனிஸ்ட் பீட்டர் கெனமன். ஒரே தொகுதி, மூன்று சமூகம். வாக்காளருக்கு மூன்று வாக்கு, மூன்றையும் ஒருவருக்கே போடலாம் என்பதுதான் அதன் சூட்சுமம். மூன்றில் ஒரு பங்கு இருந்தால் யாரையும் கெஞ்சாமல் ஒருவரை அனுப்பலாம். 1977 இல் மூன்று அங்கத்தவர் தொகுதியான நுவரெலியா மஸ்கெலியாவில் மலையகத் தமிழ்த் தலைவர் தொண்டமான் மூன்றாவதாக வந்து பாராளுமன்றம் போனார். தனித்தொகுதியாக இருந்திருந்தால் மூன்றாம் இடம் என்பது வெறும் தோல்வி. அமெரிக்கப் பாணியில் சிறுபான்மைக்காகத் தனித் தொகுதியைச் செதுக்கவும் வேண்டாம். இன அடிப்படையில் கோடு போட்டார்கள் என்ற வழக்கும் வராது.

கலப்பு முறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2018 உள்ளூராட்சித் தேர்தலில் 60க்கு 40, அதாவது 60 சதவீதம் வட்டாரம், 40 சதவீதம் கட்சிப் பட்டியல் என்று பார்த்தோம், உறுப்பினர் தொகை ஏறக்குறைய இரட்டித்தது, வட்டாரம் சிறிதாகச் சிறிதாகச் சிதறி வாழ்கிறவனின் வாக்கும் சிதறியது. பட்டியல் பங்கு அதைக் கொஞ்சம் சரிக்கட்டும், அவ்வளவுதான்.

இதையெல்லாம்விட முக்கியமான கேள்வி, அறிக்கையை யார் ஏற்க வேண்டும் என்பது. 2017 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டம் மாகாண சபைகளுக்குத் தொகுதி பாதி, பட்டியல் பாதி என்றது. க. தவலிங்கம் தலைமையிலான குழு எல்லைகளைப் போட்டுக் கொடுத்தது. சட்டப்படி அதைப் பாராளுமன்றம் மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் ஏற்க வேண்டும். 2018 ஆகஸ்டில் எதிராக 139, ஆதரவாக ஒன்றுகூட இல்லை. சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். அடுத்து பிரதமர் தலைமையிலான மீளாய்வுக் குழு இரண்டு மாதத்தில் அறிக்கை தர வேண்டும், தரவில்லை. தேர்தல் அங்கேயே நின்றது. பிரித்தானியாவிலும் 2013 இல் பாராளுமன்றமே எல்லை மீளாய்வை நிறுத்தியிருக்கிறது. 2020 சட்டத்தில் அந்த அதிகாரத்தை எடுத்துவிட்டார்கள், ஆணைக்குழுக்களின் முடிவு வாக்கெடுப்பின்றி அமுலுக்கு வருகிறது, 2024 தேர்தல் அப்படி வந்த எல்லைகளில்தான் நடந்தது. எங்கள் சட்டத்திலும் மூன்றில் இரண்டு என்ற அந்த நிபந்தனையை நீக்கி, மக்களின் முறைப்பாடுகளைக் கேட்ட பிறகு ஆணைக்குழு தரும் அறிக்கை வர்த்தமானியில் வந்தவுடன் அமுலாகும் என்று எழுதலாம். அதுவரை தேர்தலைப் பழைய விகிதாசார முறையிலேயே நடத்தச் சட்டம் இயற்றுவதற்குச் சாதாரண பெரும்பான்மை போதும்.