வேர்ட்பிரஸ் தளத்துக்குக் காப்பு நகல்: பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

நான் பராமரிப்பது ஒரு சிற்றிதழின் இணையத் தளம். தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் ஓடுகிறது. கட்டுரை, கதை, பழைய இதழ்களின் ஸ்கேன் படங்கள் எல்லாம் சேர்ந்து சில ஜிபி தேறும். அதிலுள்ள பலவற்றுக்கு வேறெங்கும் படி கிடையாது. தளத்துக்கு இடம் தரும் ஹோஸ்டிங் நிறுவனத்தின் காப்பு, வேர்ட்பிரஸில் செருகும் துணை மென்பொருளான பிளகின், சொந்த ஏற்பாடு என மூன்றையும் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தியிருக்கிறேன். இப்போது நிலைத்திருப்பது இது: தளம் ஓடும் சர்வர் இரவில், கட்டுரைகளும் பின்னூட்டங்களும் இருக்கும் தரவுத்தளத்தை ஒரு கோப்பாக எழுதிவைக்கும்; வீட்டிலுள்ள பழைய கணினி சர்வருக்குள் போய் அதை எடுத்து வரும்; பிறகு ரெஸ்டிக் என்ற காப்புக் கருவி அதைக் குறியாக்கம் செய்து வெளிச் சேமிப்பகத்துக்கு அனுப்பும்.

ஹோஸ்டிங் நிறுவனமே தினமும் நகல் எடுக்கும்போது இத்தனை பாடு எதற்கு என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நேற்று செய்த அப்டேட் தளத்தைக் குலைத்துவிட்டால் ஒரு பொத்தானில் பழைய நிலைக்குத் திரும்ப அது அருமையான வசதி. அதற்கு நான் இன்றும் அதைத்தான் நாடுகிறேன். ஆனால் நிறுவனத்துக்கே ஏதாவது நேர்ந்தால்? 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று முழுவதும் எரிந்தது. இணையத் தளங்களைக் கணக்கெடுக்கும் நெட்கிராஃப்ட் நிறுவனத்தின் கணக்குப்படி 36 லட்சம் தளங்கள் முடங்கின. வாடிக்கையாளர்கள் சிலரின் காப்பு நகல்களும் அதே வளாகத்தில் இருந்ததால் அவையும் சேர்ந்து போயின. கணக்கு முடக்கம், பில் தகராறு போன்றவை தீயைவிட அடிக்கடி நடப்பவை. அப்போதும் தளமும் நகலும் ஒரே பூட்டுக்குள்தான் கிடக்கும்.

அடுத்தது பிளகின். அப்டிராஃப்ட்பிளஸ் என்ற காப்பு பிளகினை நீண்ட காலம் வைத்திருந்தேன். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் பக்கமே போக விரும்பாதவருக்கு இன்றும் அதையே சொல்வேன். தரவுத்தளம், பிளகின்கள், தீம்கள், பதிவேற்றங்கள் என்று தனித்தனி மூட்டையாகக் கட்டி கூகுள் டிரைவுக்கு அனுப்பிவிடும். திரும்ப ஏற்றுவதும் எளிது. என் தயக்கங்கள் வேறு. வேர்ட்பிரஸின் உள் நேரக்காப்பாளர் யாராவது தளத்துக்கு வந்தால்தான் விழிக்கும். கூட்டம் குறைந்த தளத்தில் இரவு இரண்டு மணிக்கு என்று குறித்த வேலை காலையில் முதல் வாசகர் வரும்வரை காத்திருக்கும். சர்வரின் சொந்த நேரக்காப்பாளரான கிரானை நேரடியாக அமைத்தால் இது தீர்ந்துவிடும்.

தீராதது இன்னொன்று. டிரைவுக்கான சாவி தளத்தின் தரவுத்தளத்திலேயே இருக்கிறது. தளத்துக்குள் புகுந்தவன் கையில் அங்கே சேர்ந்திருக்கும் நகல்களை அழிக்கும் அதிகாரமும் வந்துவிடும். கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்துக்கு 2014இல் இதன் பெரிய வடிவம் நேர்ந்தது. அதன் அமேசான் மேகச் சேவைக் கணக்கின் கட்டுப்பாட்டுப் பலகைக்குள் நுழைந்த ஒருவன் தரவையும் காப்பு நகல்களையும் சேர்த்தே அழித்தான், நிறுவனம் மூடப்பட்டது. அப்டிராஃப்ட்பிளஸிலும் 2022 பிப்ரவரியில் ஒரு ஓட்டை வெளியானது. தளத்தில் சாதாரண உறுப்பினராக உள்ளே நுழைந்தவரே காப்பு நகலைப் பதிவிறக்க முடிந்தது. திருத்தம் உடனே வந்தது, தளங்களில் கட்டாயமாகவும் ஏற்றப்பட்டது. குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. எந்த மென்பொருளுக்கும் நேரக்கூடியதுதான். தளத்துக்குள் வாழும் காப்பு முறைக்குத் தளத்தின் தலையெழுத்தே தனக்கும் என்பதுதான் என் கவலை.

அதனால்தான் திசையை மாற்றினேன். சர்வர் எங்கேயும் எதையும் அனுப்புவதில்லை. நகல்கள் எங்கே போகின்றன என்பதே அதற்குத் தெரியாது. அழிக்க அதனிடம் சாவியும் இல்லை. வீட்டுக் கணினிதான் வெளியே போய் எடுத்து வருகிறது என்பதால் வீட்டு இணைப்புக்கு நிலையான ஐபி முகவரி தேவையில்லை. மின்வெட்டில் ஓர் இரவு தவறினாலும் கணினி எழுந்தவுடன் விட்ட வேலையை முடிக்கும்படி டைமர் வைத்திருக்கிறேன். எடுத்து வருவது ஆர்சிங்க். ஆண்ட்ரூ டிரிட்ஜெலும் பால் மெக்கராஸும் 1996இல் வெளியிட்ட கருவி அது. மாறியதை மட்டும் அனுப்புவதால் ஸ்கேன் படக் குவியல் தினமும் சில நிமிடங்களில் முடிகிறது.

ஆர்சிங்க் தருவது பிரதிபலிப்பு மட்டுமே. அங்கே கெட்டது இங்கேயும் கெடும். ஜர்னல்ஸ்பேஸ் என்ற வலைப்பதிவுச் சேவை இப்படித்தான் 2009இன் தொடக்கத்தில் காணாமல் போனது. ஒன்றையொன்று பிரதிபலிக்கும் இரட்டை வட்டுகளையே காப்பாக நம்பியிருந்தார்கள். தரவுத்தளம் இரண்டு வட்டிலும் ஒருசேர அழிந்தது. ரெஸ்டிக் வேண்டியிருப்பது இங்கேதான். தினசரி, வாராந்தர, மாதாந்தர நிலைகளைத் தனித்தனியே வைத்துக்கொள்ளும், ஆனால் கோப்புகளைத் துண்டுகளாகப் பிரிப்பதால் ஒரே துண்டை இரண்டு முறை சேமிக்காது. ஆகவே போன ஆண்டின் தளத்தை வைத்திருப்பதற்கு ஆகும் கூடுதல் இடம் மிகக் குறைவு. 2022இல் வந்த 0.14 பதிப்பிலிருந்து சுருக்குவதையும் அதுவே செய்கிறது. தரவுத்தளக் கோப்பை ஜிசிப் என்ற கருவியால் சுருக்கிக் கொடுக்காதீர்கள். முன்கூட்டியே சுருக்கிய கோப்பில் சிறு மாற்றம் வந்தாலும் அதற்குப் பின்னுள்ள பகுதி முழுவதும் புதிதாகத் தெரியும். ஒரே துண்டை அடையாளம் காணும் திறமை வீணாகும்.

ஜிசிப்பை விட்டதில் எனக்கு இன்னொரு லாபமும் உண்டு. தரவுத்தளத்தைக் கோப்பாக எழுதும் மைஎஸ்கியூஎல்டம்ப் கருவியின் வெளியீட்டைக் குழாய் வழியாக ஜிசிப்புக்குக் கொடுக்கும் ஸ்கிரிப்ட் வழக்கமாக ஜிசிப்பின் வெற்றியைத்தான் பார்க்கும். கடவுச்சொல் மாறி டம்ப் தோற்றாலும் 20 பைட் அளவில் ஒரு வெற்றுக் கோப்பு உருவாகி, எல்லாம் நலம் என்று பதிவாகும். இப்போது கோப்பின் கடைசி வரியில் டம்ப் முடிந்ததாகச் சொல்லும் குறிப்பு இருக்கிறதா என்று ஸ்கிரிப்டே பார்க்கிறது. இல்லையென்றால் அன்றைய ஓட்டம் தோல்வி.

தமிழ்த் தளம் நடத்துவோருக்குத் தனியாக இரண்டு செய்திகள். வேர்ட்பிரஸின் தரவுத்தள மென்பொருளான மைஎஸ்கியூஎல்லின் பழைய எழுத்துக் குறியீட்டு முறையான யூடிஎஃப்8 ஓர் எழுத்துக்கு மூன்று பைட்தான் ஏற்கும். தமிழ் எழுத்துகள் அதற்குள் அடங்கிவிடும், எமோஜி அடங்காது. 8.0க்கு முந்தைய டம்ப் கருவி இயல்பாக அதையே பயன்படுத்தியதால் கட்டுரைகள் ஒழுங்காகத் தெரியும், பின்னூட்டங்களில் மட்டும் கேள்விக்குறிகள் முளைக்கும். நான்கு பைட் ஏற்கும் யூடிஎஃப்8எம்பி4 என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டுவிடுங்கள். மற்றது கோப்புப் பெயர். 'கொ', 'கோ' போன்றவற்றின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். பழைய மேக் கணினிகளின் எச்எஃப்எஸ் பிளஸ் வட்டு எப்போதும் பிரித்தே சேமிக்கும். அந்த வழியாகப் போய்த் திரும்பிய 'கோயில்' என்ற படக் கோப்பு கண்ணுக்கு அதே பெயர்தான், லினக்ஸ் சர்வருக்கு வேறு பெயர். பக்கத்தில் படம் வராது. படங்களுக்கு ரோமன் எழுத்தில் பெயர் வைப்பதே நிம்மதி.

தோல்வியை நமக்கு யார் சொல்வது என்பதில் நான் சற்றுப் பிடிவாதக்காரன். நிரல்களைச் சேமித்துப் பகிர இடம் தரும் கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று முதன்மைத் தரவுத்தளம் தவறுதலாக அழிக்கப்பட்டபோது, தினசரி டம்ப் ஓடவே இல்லை என்பது அப்போதுதான் தெரிய வந்தது. கருவியின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் பொருந்தவில்லை. அதை அறிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களையும் அஞ்சல் சர்வர் நிராகரித்துக்கொண்டிருந்தது. ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் வேறு காரணத்துக்காக எடுத்த நகல்தான் காப்பாற்றியது. எனவே தோற்றால் மின்னஞ்சல் என்ற ஏற்பாட்டை நான் நம்புவதில்லை. ஹெல்த்செக்ஸ் என்ற கண்காணிப்புச் சேவைக்கு வேலை முடிந்ததும் என் கணினி ஒரு தட்டு தட்டுகிறது. குறித்த நேரத்துக்குள் தட்டு வராவிட்டால் அவர்கள் என்னை எழுப்புகிறார்கள். சிறு பயனருக்கு இலவசத் திட்டமே போதும்.

மாதம் ஒருமுறை நகலை எடுத்து மடிக்கணினியில் தளத்தை எழுப்பிப் பார்க்கிறேன். நகலிலுள்ள தள முகவரியை மடிக்கணினிக்கு ஏற்ப மாற்ற, உரைத் திருத்தியில் தேடி மாற்றுவது ஆபத்து. வேர்ட்பிரஸ் சில அமைப்புகளைச் எழுத்துச் சரத்தின் பைட் நீளத்தோடு சேர்த்துச் சேமிக்கிறது. நீளம் தவறினால் விட்ஜெட்டுகள் சத்தமின்றி மறையும். வேர்ட்பிரஸின் கட்டளைவரிக் கருவியான டபிள்யூபி-சிஎல்ஐயின் தேடி மாற்றும் கட்டளை அந்த எண்ணையும் சரிசெய்யும்.

செலவு சொற்பம். பேக்பிளேஸ் பி2 சேமிப்பகத்தில் முதல் 10 ஜிபி இலவசம். அதற்கு மேல் டெராபைட்டுக்கு மாதம் 5 டாலராக இருந்ததை 2023 அக்டோபரில் 6 டாலர் ஆக்கினார்கள். ரெஸ்டிக்கின் கடவுச்சொல் தொலைந்தால் மீட்க வழியே இல்லை. அதைத் தாளில் எழுதி வீட்டில் ஒன்றும் இதழாசிரியரிடம் ஒன்றுமாக வைத்திருக்கிறோம்.

இணையக் கடை நடத்துபவருக்கு இந்த ஏற்பாட்டைப் பரிந்துரைக்க மாட்டேன். இரவுக்கு ஒரு நகல் என்றால் மாலையில் விழும் சர்வரோடு அன்று பகல் முழுவதும் வந்த ஆர்டர்களும் பணம் கட்டிய விவரங்களும் போய்விடும். அவர்கள் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவுசெய்யும் மைஎஸ்கியூஎல்லின் பைனரி லாக்கை இயக்கி, அந்தக் கோப்புகளைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை வெளியே எடுத்துவைக்க வேண்டும்.