முதல் வில்: செட்டா, உதிரியா?

பயிற்சி வகுப்பில் பொது வில்லை எடுத்து எய்து பழகியவர்களுக்கு, சீக்கிரமே சொந்த வில் ஆசை வந்துவிடும். அப்போது இரண்டு வழி இருக்கிறது. மரக் கைப்பிடி, லிம்ப் (கைப்பிடிக்கு மேலும் கீழும் வளைகிற பகுதி), நாண், அம்பு, உறை எல்லாம் ஒரே பெட்டியில் வருகிற செட்டை வாங்குவது ஒன்று. ரைசர் (நடுவில் கைப்பிடி உள்ள பகுதி) தனி, லிம்ப் தனி, சைட் (குறிபார்க்கும் கருவி) தனி என்று உதிரியாக வாங்கி நாமே பூட்டிக்கொள்வது இன்னொன்று. நான் இரண்டாவது வழியில் போனவன். அதனால் இதை நடுநிலையான அலசல் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். பேச்சு முழுக்க ஒலிம்பிக்கில் தனிநபர் போட்டியில் பார்க்கிற ரீகர்வ் வில்லைப் பற்றியது. கப்பி வைத்த காம்பவுண்டு வேறு கணக்கு.

தெரிந்த விஷயங்களை முதலில் ஒதுக்கிவிடலாம். செட் விலை குறைவு, பெட்டியைப் பிரித்த அன்றே எய்யலாம். உதிரியாகச் சேர்த்தால் கையைக் கடிக்கும், எது எதோடு சேரும் என்று கொஞ்சம் மண்டை காயும். பார்க்கிறதுக்கு மர வில் அழகு என்பார்கள். அழகுதான், ஒத்துக்கொள்கிறேன். இதையெல்லாம் வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை.

முடிவைத் தீர்மானிப்பது ஒரே ஒரு விஷயம்: லிம்ப்பை மாற்ற முடியுமா, முடியாதா?

லிம்ப்பின் மேல் 68 அங்குலம், 24 பவுண்டு என்று அச்சிட்டிருக்கும். நாணை 28 அங்குலம் இழுக்கும்போது கையில் ஏறுகிற கனம் 24 பவுண்டு என்று அர்த்தம். ஓர் அங்குலம் கூடுதலாகவோ குறைவாகவோ இழுத்தால் ஏறக்குறைய இரண்டு பவுண்டு மாறும். 26 அங்குலம்தான் இழுக்க வருகிறது என்றால் அதே லிம்ப் 20 பவுண்டை ஒட்டித்தான் நிற்கும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு 18 முதல் 24 பவுண்டு வரை போதும். வெளிப்புறப் போட்டியின் 70 மீட்டர் தூரத்தில் 122 செ.மீ. இலக்கை எய்கிற தேர்ந்த வீரர்களோ 40 பவுண்டை ஒட்டியோ அதற்கு மேலோ இழுப்பார்கள். தகுதிச் சுற்றில் 72 அம்பு. 24 பவுண்டுக்கும் 40 பவுண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தை முதுகுத் தசை படிப்படியாகத்தான் கடக்கும். ஒரு தடவைக்கு இரண்டு பவுண்டு, மிஞ்சினால் நான்கு. அதற்குமேல் தாவினால் உடம்பு பழி வாங்கும்.

செட் வாங்குகிறவர் இந்த எண்ணைக் கடையில் நிற்கும்போதே, ஒரே தடவையில் சொல்லியாக வேண்டும். அங்கேதான் சிக்கல். வளர்கிற பிள்ளைக்குத் தொளதொளவென்று சட்டை தைப்பதுபோல, ‘கொஞ்சம் கனமாகவே எடுத்துக்கொள்வோம், பழகிவிடும்’ என்று 30 பவுண்டை வாங்கிவிடுவார்கள். சட்டை தொளதொளப்பாக இருந்தால் ஒன்றும் ஆகாது. வில்லில் ஆகும். முதல் சில அம்புகள் நன்றாகப் போகும். அப்புறம் கவனித்துப் பாருங்கள்: வில்லைப் பிடித்த கையின் தோள் மெல்லக் காதை நோக்கி ஏறும். நாண் பிடித்த கை தாடைக்கு அடியில் பதியாமல் ஓர் அங்குலம் முன்னாலேயே நின்றுவிடும். சைட்டின் புள்ளி மஞ்சள் வட்டத்தைச் சுற்றி நடுங்கிக்கொண்டே இருக்கும், அது மஞ்சளைத் தொட்ட கணத்தில் விரல் தானாக விட்டுவிடும். பழகியது கனத்தை அல்ல, தப்பான எய்தலை. அதை மறக்கடிக்கப் பயிற்சியாளர் படுகிற பாடு பெரிது.

சரி, எச்சரிக்கையாக 20 பவுண்டு செட்டையே வாங்கினால்? சில மாதத்தில் கை தேறிவிடும், வில் தேறாது. அம்பு 30 மீட்டருக்கு மேல் போக வானத்தைப் பார்த்து எய்ய வேண்டியிருக்கும். இப்போது கனமான லிம்ப் வேண்டும். செட் வில்லின் லிம்ப் பெரும்பாலும் அந்த மாடலுக்கென்றே துளையிட்டு போல்ட்டால் முடுக்குகிற வகை. அதே மாடலின் லிம்ப் தனியாகக் கிடைத்தால் பிழைத்தோம். இல்லையென்றால் முழு வில்லையும் மாற்ற வேண்டும். நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும்: பெயர்பெற்ற மர வில் மாடல்களுக்குப் பல பவுண்டுகளில் தனி லிம்ப் விற்கிறார்கள். அந்த மாதிரி மாடலாகப் பார்த்து வாங்கினால் நான் சொல்கிற குறையில் பாதி அடிபட்டுப்போகும்.

உதிரி வழியில் இந்தப் பிரச்சினையே வேறு விதம். ஐஎல்எஃப் (இன்டர்நேஷனல் லிம்ப் ஃபிட்டிங்) என்று ஒரு பொதுப் பொருத்தம் இருக்கிறது. லிம்ப்பின் அடியில் ‘யூ’ வடிவ வெட்டு, அதற்குக் கொஞ்சம் மேலே ஓர் உலோகக் குமிழ். குமிழை ரைசரின் குழிக்குள் தள்ளினால் ‘டக்’கென்று உட்காரும், வெட்டு போய் லிம்ப் போல்ட்டின் கீழே அண்டும், நாணேற்றினால் எல்லாம் இறுகிவிடும். கருவி எதுவும் வேண்டாம். ஒரு நிறுவனத்தின் ரைசரில் இன்னொரு நிறுவனத்தின் லிம்ப் சேரும். போல்ட்டைத் திருகி இழுகனத்தைப் பத்து சதவீதம் அளவுக்கு மாற்றலாம். அதாவது 28 பவுண்டு லிம்ப்பில் ஏறக்குறைய மூன்று பவுண்டு வீச்சு கிடைக்கும். அடியில் ஆரம்பித்து, தோள் ஒத்துழைக்க ஒத்துழைக்கக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கி, போல்ட் எல்லையைத் தொட்டதும் அடுத்த ஜோடி லிம்ப்புக்குப் போகலாம். ரைசரும் சைட்டும் பழகின கைப்பிடியும் அப்படியே இருக்கும்.

ஒரு தொந்தரவு உண்டு. ஹொய்ட் நிறுவனத்தின் ஃபார்முலா மாதிரி தனிப் பொருத்தம் கொண்ட ரைசர்களும் சந்தையில் இருக்கின்றன. அவற்றில் ஐஎல்எஃப் லிம்ப் சேராது. ரைசரை எடுக்கும்போதே கேட்டுவிட வேண்டும். நீளமும் முக்கியம். லிம்ப்பில் போட்டிருக்கும் பவுண்டு 25 அங்குல ரைசருக்கான கணக்கு. அதையே 23 அங்குல ரைசரில் பூட்டினால் இரண்டு பவுண்டு கூடும். ‘20 பவுண்டுதானே வாங்கினேன், ஏன் இப்படிக் கனக்கிறது’ என்று கேட்பவர்களில் பலருக்குப் பதில் இதுதான்.

மறுவிற்பனையும் இதே கதைதான். செட்டை விற்கப் போனால் அதே கை, அதே நீளம், அதே பவுண்டு தேடுகிற ஒருவர் வர வேண்டும். லிம்ப்புக்கு வலது இடது கிடையாது, ரைசருக்குத்தான் உண்டு. மரமும் கண்ணாடியிழையும் சேர்த்துச் செய்த ஆரம்ப நிலை ஐஎல்எஃப் லிம்ப்பை வாங்க, அடுத்த பயிற்சி வகுப்பில் சேர்ந்த யாராவது ஒருவர் எப்போதும் தயாராக இருப்பார். அதனால்தான் முதல் லிம்ப்பில் பணத்தைக் கொட்டாதீர்கள் என்று அடித்துச் சொல்கிறேன். அது தங்கப்போவதில்லை. காசை ரைசரில் போடுங்கள், மிச்சத்தை நல்ல ஃபிங்கர் டேப்பிலும் (நாண் இழுக்கும் விரல்களைக் காக்கிற தோல் துண்டு) பிளஞ்சரிலும் (அம்பைப் பக்கவாட்டில் தாங்குகிற ஸ்பிரிங் குமிழ்) போடுங்கள். வில்லை ஆடாமல் நிறுத்துகிற நீளமான ஸ்டெபிலைசர் கம்பி காத்திருக்கட்டும்.

உதிரி வழியில் மறைவாக வந்து நிற்கிற செலவு அம்பு. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நாண் தள்ளும்போது அம்பு வளைந்து நெளிந்துதான் கிளம்பும். எவ்வளவு வளைய வேண்டும் என்பது வில்லின் கனத்தைப் பொறுத்தது. அந்த வளைவைத்தான் ஸ்பைன் எண்ணால் குறிக்கிறார்கள். 28 அங்குல இடைவெளியில் இரண்டு முனையையும் தாங்கி வைத்து, நடுவில் 880 கிராம் தொங்கவிட்டால் எத்தனை அங்குலம் தொய்கிறது என்பதன் ஆயிரம் மடங்கு அந்த எண். ஓர் அங்குலம் தொய்ந்தால் 1000, அரை அங்குலம் என்றால் 500. எண் பெரிதாக ஆக அம்பு துவளும். லிம்ப்பைக் கனமாக்கினால் பழைய அம்பு அதற்குத் துவளலாகிவிடும், வலக்கைக்காரருக்கு அம்புகள் வலப்பக்கம் ஒதுங்கும். ஆகவே லிம்ப் மாறும்போதெல்லாம் அம்புச் செலவும் கூடவே எட்டிப் பார்க்கும். இதற்கு ஒரு வழி இருக்கிறது: முதல் அம்பை நீளமாகவே விட்டுவைப்பது. அம்பை வெட்ட வெட்ட விறைப்பு கூடும் என்பதால், அடுத்த லிம்ப் வரும்போது கொஞ்சம் நறுக்கி அதற்கு ஒத்துப்போக வைக்கலாம். அலுமினிய அம்பு இதற்கு விலை குறைவாக உதவும், வளைந்து போகும் என்பது தவிர. கிளிக்கர் (முழு இழுப்பு வந்ததும் ‘கிளிக்’கென்று ஒலிக்கிற தகடு) வைத்து எய்யத் தொடங்கிய பிறகு அம்பு நீளத்தில் இவ்வளவு விளையாட முடியாது. செட்டில் வருகிற அம்புகளை மட்டும் நம்ப வேண்டாம். அவை எல்லோருக்கும் பொதுவாகப் போட்டது.

பூட்டுகிற வேலை பயப்படும் அளவுக்கு இல்லை. நாணேற்றக் கட்டாயம் ஸ்ட்ரிங்கர் கயிறு வேண்டும். காலை விட்டு வளைத்து ஏற்றினால் லிம்ப் முறுக்கிக்கொள்ளும். நாணுக்கும் பிடிக்கும் உள்ள இடைவெளி 68 அங்குல வில்லில் எட்டரை முதல் ஒன்பது அங்குலம். பின்னாலிருந்து பார்த்தால் நாண் இரண்டு லிம்ப்பின் நடுக்கோட்டிலும் ரைசரின் நடுவிலும் ஒரே நேராக விழ வேண்டும். முதல் தடவை தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் ஒரு மாலைப்பொழுதில் முடிகிற வேலை. அம்பில்லாமல் நாணை இழுத்து விடாதீர்கள். லிம்ப்பைக் கொல்வதற்கு அதைவிடச் சுருக்கமான வழி கிடையாது.

செட்டே சரி என்று சொல்லக்கூடியவர்களும் உண்டு. கை நீளம் வருஷா வருஷம் மாறுகிற சிறுவர்கள், இந்த விளையாட்டில் தங்குவோமா என்று உறுதியில்லாதவர்கள், விடுமுறை நாளில் தோட்டத்து இலக்கில் எய்து மகிழ விரும்புகிறவர்கள். சிறுவர் விஷயத்தில் நான் பக்கத்தில் நின்று பார்த்ததோடு சரி, ஆகவே அவர்களுக்குப் பயிற்சியாளர் சொல்வதையே கேளுங்கள். சைட் இல்லாத பேர்போ பக்கம் மனம் சாய்ந்தால் மர வில் போதுமா என்ற கேள்விக்கும் என் அனுபவம் குறுகியது. அங்கேயும் போட்டி என்று இறங்குகிறவர்கள் உலோக ரைசருக்குத்தான் வருகிறார்கள் என்பதைப் பார்த்திருக்கிறேன். நாணை இறக்கிய வில், எடைக் குண்டுகளோடு சேர்த்து 12.2 செ.மீ. வளையத்துக்குள் நுழைய வேண்டும் என்பது அந்தப் பிரிவின் விதி.

செட்தான் என்று முடிவெடுத்தால் மூன்றைக் கேட்டுவிடுங்கள். இதே மாடலுக்கு வேறு பவுண்டு லிம்ப் தனியாகக் கிடைக்குமா? பிளஞ்சர், சைட், ஸ்டெபிலைசர் பூட்ட மறையுள்ள துளைகள் இருக்கின்றனவா? லிம்ப் நுனி வலுவூட்டப்பட்டதா? நுனி வெறும் மரமாக இருந்தால் டேக்ரான் நாண்தான் போட வேண்டும், நீளாத புதுவகை நாண் நுனியை அறுத்துவிடும். உதிரி வழியில் பழைய லிம்ப் வாங்குவதாக இருந்தால் ரைசரைக் கையோடு கொண்டு போங்கள். பூட்டி, நாணேற்றி, பின்னாலிருந்து கோடு பாருங்கள். ஓரங்களில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், ஒட்டு விட்டிருந்தால் நகம் தட்டும். நாணேற்றிக் காட்டத் தயங்குகிறவரிடம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம்.