எல்இடி பேட்டன்: சில வருடம் எரித்துப் பார்த்த பிறகு

வீட்டில் இருந்த 36 வாட் டியூப்லைட்களைக் கழற்றிவிட்டு 20 வாட் எல்இடி பேட்டன் (டியூப்லைட் மாதிரியே நீளமான எல்இடி லைட்) மாட்டிச் சில வருடங்கள் ஆகின்றன. வெளிச்சத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. லோ வோல்டேஜிலும் சிமிட்டாமல் எரிகிறது. சோக் தனியாக இழுத்த பத்துப் பன்னிரண்டு வாட்டும் மிச்சம்.

ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் 25,000 மணி நேரத்தை அப்படியே நம்ப வேண்டாம். தினம் 10 மணி நேரம் என்றால் ஏழு வருடம் வரை வரவேண்டும். எல்இடி தாங்கும், அதற்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவர் தாங்குவதில்லை. எங்கள் வீட்டில் முதலில் போனது அடுப்புக்கு மேலே இருந்த பேட்டன். டிரைவரில் இருக்கும் கெபாசிட்டருக்குச் சூடு ஆகாது. 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகிவிடும். அப்புறம் புதியதைச் சுவரில் தள்ளி மாட்டினோம்.

ஹால் லைட் கதை வேறு. திடீரென்று எரியவில்லை. வயரில் டெஸ்டர் வைத்தால் எரிகிறது, அப்படியானால் லைட்தான் போச்சு என்று யாருக்கும் தோன்றும். எலக்ட்ரீஷியன் அண்ணன் சுவிட்சைப் போட்டபடியே இன்னொரு வயரிலும் டெஸ்டரை வைத்தார். அதிலும் எரிந்தது. "லைட்டு நல்லாத்தான் இருக்கு, நியூட்ரல்தான் கட் ஆயிருக்கு" என்றார். நியூட்ரல் என்பது கரண்ட் திரும்பிப் போகும் வயர்; அந்த வழி அறுந்ததால், கரண்ட் கொண்டுவரும் பேஸ் லைட்டுக்குள் புகுந்து மறுபக்க வயரிலும் வந்து நிற்கிறதாம். மெயினை ஆஃப் செய்து போர்டைத் திறந்தால், டேப்புக்குள் நியூட்ரல் ஜாயின்ட் கருகிக் கிடந்தது. கருகியதை வெட்டி, புதிதாகச் சீவி, கனெக்டரில் முறுக்கினார். அதே லைட் இன்றும் எரிகிறது. ஒரு புது பேட்டன் விலை மிச்சம்.

பெட்ரூம் லைட் ஆஃப் செய்த பிறகும் மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. சுவிட்சில் இருந்த சிவப்பு இண்டிகேட்டர்தான் காரணம். அதன் வழியாகக் கசியும் துளிக் கரண்டே எல்இடிக்குப் போதும். சாதா சுவிட்ச் மாற்றியதும் சரியானது. இண்டிகேட்டர் இல்லாமலே இப்படி எரிந்தால், சுவிட்ச் பேஸில் இல்லாமல் நியூட்ரலில் இருக்கலாம். அது ஆபத்து. ஆஃப் செய்தாலும் லைட்டில் பேஸ் நிற்கும், உடனே மாற்றச் சொல்லுங்கள்.

வாரண்டி பில் சில மாதத்தில் வெளுத்துவிடுகிறது, வாங்கியதும் போட்டோ எடுத்து வைப்பது நல்லது. படிக்கட்டில் மட்டும் பழைய டியூப்லைட்டையே விட்டிருக்கிறேன். அதில் ஸ்டார்ட்டர் போனால் ஸ்டார்ட்டர், சோக் போனால் சோக். பேட்டனில் எது போனாலும் முழுசாகத் தூக்கிப் போடத்தான் வேண்டியிருக்கிறது.